பதின்வயதுப் பிள்ளை எதிர்த்து நின்றால் எங்கே போவது? வேலூர் வட்டார ஆலோசனைச் சேவைகள், ஒரு மதிப்பீடு

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எங்கே போவது என்று வேலூரில் யாருக்கும் சந்தேகம் வராது. அதே பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகு எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசி, கதவை அறைந்து சாத்தி, "ஸ்கூலுக்குப் போக மாட்டேன், இன்னா செய்வீங்க?" என்று உட்கார்ந்துவிட்டால் குடும்பமே திகைத்துப் போகிறது. ஒருவர் கவுன்சலிங் என்கிறார், ஒருவர் ஹாஸ்டலில் சேர்க்கச் சொல்கிறார், ஒருவர் தாயத்து கட்டச் சொல்கிறார். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்திருக்கும் பழைய வேலூர் மாவட்டப் பகுதியில் இதற்குக் கிடைக்கும் சேவைகளை இங்கே மதிப்பிடுகிறோம். அளவுகோல் ஒன்றுதான்: அந்த இடம் பிள்ளைக்குப் புத்தி சொல்லி அனுப்புகிறதா, ஏன் இப்படி நடக்கிறான் என்று காரணத்தைத் தேடுகிறதா? முதல் வகை இலவசமாகவே கிடைத்தாலும் நேரம் வீண்.

முதலில் பாகாயம். சி.எம்.சி. என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் அங்கே இயங்குகிறது. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனி மனநலப் பிரிவு உண்டு. நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்து, அவர்களையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அந்த மையத்தில் தொடக்கக் காலம் தொட்டே வேரூன்றியது. எதிர்த்து நிற்கும் பிள்ளை விஷயத்தில் இது பெரிய பலம், ஏனென்றால் பாதி வேலை பெற்றோரிடம்தான் நடக்க வேண்டும். மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோர் ஒரே குழுவாகப் பார்ப்பது இன்னொரு பலம். காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து 1, 2 எண் டவுன் பஸ்கள் ஊருக்குள் புகுந்து பாகாயம் வரை போகின்றன. வெளி மாநிலத்திலிருந்தும் ஏராளமானோர் வருகிற மருத்துவமனை என்பதால் முன்பதிவு செய்துவிட்டுப் போவதே சரி. ஒரே நாளில் முடிகிற வேலை இது இல்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போகிறவர்கள் பாதியில் திரும்புவார்கள்.

நல்ல மதிப்பீடு எப்படி இருக்கும் என்று தெரிந்தால், எந்த இடத்துக்குப் போனாலும் அது ஒழுங்காக நடக்கிறதா என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். முதல் அமர்வுக்கே ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். பெற்றோரைத் தனியாக, பிள்ளையைத் தனியாக, பிறகு எல்லோரையும் சேர்த்து என்று மூன்று பேச்சு நடக்க வேண்டும். பிள்ளையைத் தனியாகப் பார்க்காமலேயே முடிவு சொல்கிற இடத்தை நம்ப வேண்டாம். அப்பா அம்மா எதிரில் உட்கார்ந்துகொண்டு எந்தப் பையனும் வாயைத் திறக்க மாட்டான்.

அனுபவமுள்ள மருத்துவர் கேட்கும் கேள்விகளில் மூன்று மிக முக்கியம். எப்போது ஆரம்பித்தது? எங்கெல்லாம் நடக்கிறது? யாரிடம் நடக்கிறது? மூன்றும் எளிமையாகத் தெரியும், ஆனால் காரணத்தின் திசையை இவைதான் காட்டும்.

ஆறு, ஏழு வயதிலிருந்தே துறுதுறுப்பு, ஒரு இடத்தில் உட்கார முடியாமை, சொன்னதை மறப்பது என்று இருந்து, பதின்வயதில் அதுவே எதிர்ப்பாக மாறியிருந்தால் ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவுக் கோளாறு அடியில் இருக்கலாம். "ரெண்டு வாட்டி சொல்லியும் கேட்கல" என்பது அங்கே வீம்பு இல்லை, அந்தச் சொல் மனதில் தங்கவே இல்லை. அதற்குத் திட்டு விழும், திட்டுக்குப் பதில் பேச்சு வரும், பத்து வருடம் இப்படியே ஓடிய பின் எதிர்ப்பு மட்டும்தான் வெளியே தெரியும். மாறாக, நன்றாக இருந்த பிள்ளை இரண்டு மூன்று வாரத்தில் தலைகீழாக மாறினால் வேறு இடத்தில் தேட வேண்டும். பள்ளியில் கேலி, அடி, மிரட்டல், பாலியல் சீண்டல், காதல் முறிவு, வீட்டில் ஒரு சாவு, போதைப்பொருள், மனச்சோர்வு ஆகியவை திடீர் மாற்றத்தின் வழக்கமான காரணங்கள். மனச்சோர்வு பெரியவர்களிடம் சோகமாகத் தெரியும். பதின்வயதில் அது எரிச்சலாகவும் சிடுசிடுப்பாகவும் தெரியலாம், அழுகையே இல்லாமலும் இருக்கலாம். "திமிர் பிடிச்சு அலையுறா" என்று சொல்லப்படும் பெண் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் இருப்பது இதுதான். இதைத் தவறவிட்டால் வரும் நஷ்டம் மிகப் பெரியது.

எங்கே நடக்கிறது என்பது அடுத்த துப்பு. பள்ளியில் தங்கமான பிள்ளை, வீட்டில் மட்டும் புயல் என்றால், பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையில் பழகிப்போன ஒரு சண்டை முறை இருக்கிறது என்று பொருள். பள்ளியில் மட்டும் பிரச்சினை என்றால் படிப்பில் ஏதோ முட்டுகிறது, அல்லது யாரோ நோகடிக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத எட்டாம் வகுப்புப் பையனுக்கு, எல்லோர் எதிரிலும் எழுந்து நின்று திணறுவதைவிட வாத்தியாரை எதிர்த்துப் பேசி வெளியே போவது மேல். வாய்த்துடுக்குக்குப் பின்னால் கற்றல் குறைபாடு ஒளிந்திருப்பது பலரும் நினைப்பதைவிட அதிகம். சோதனை செய்து சான்றிதழ் பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தக் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

உடம்பையும் பார்க்காத மதிப்பீடு அரைகுறைதான். 13 முதல் 18 வயதுக்கு ஒரு நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பருவம் எய்தும்போது தூக்க நேரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. பத்தரை, பதினொன்றுக்கு முன்னால் தூக்கம் வராதது சோம்பேறித்தனம் இல்லை, உடம்பின் கடிகாரம் அப்படி மாறுகிறது. அந்தப் பிள்ளையை அதிகாலை ஐந்து மணி டியூஷனுக்கு எழுப்பி, மாலையில் ஸ்பெஷல் கிளாஸும் முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வரவைத்து, இரவும் படி என்றால் ஆறு மணி நேரம்கூடத் தூங்காது. வேலூர் சித்திரை வெயிலில் சுவரெல்லாம் கொதிக்கும் மாடி வீட்டில் அதுவும் கிடையாது. தூக்கம் கெட்ட மூளை முதலில் இழப்பது கோபத்தை அடக்கும் பலத்தை. அடுத்தது ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. களைப்பும் எரிச்சலும் கவனச் சிதறலும் அதன் முகங்கள். பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அதைப் பிள்ளை விழுங்குகிறதா, ஜன்னல் வழியே எறிகிறதா என்று கேளுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, கண், காது ஆகிய நான்கு சோதனைகளும் மலிவானவை. காதில் நாள்பட்ட சீழ் உள்ள பிள்ளை "காதுலயே வாங்கிக்க மாட்டேங்குறான்" என்று திட்டு வாங்குவது கொடுமை.

போதைப் பழக்கத்தைக் கேட்கத் தயங்கக் கூடாது. உதட்டுக்குள் ஒதுக்கிவைக்கும் புகையிலைப் பொட்டலங்கள் பள்ளி வாசல் வரை வந்துவிட்டன. புகை இல்லை, வாசனையும் அதிகம் தெரியாது. கிடைக்காத நேரத்தில் வரும் சிடுசிடுப்பை வீட்டில் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவும் பார்த்து, ஒன்றும் இல்லை என்றான பிறகுதான் எதிர்ப்பு நடத்தைக் கோளாறு என்ற பெயருக்கே வர வேண்டும். மருத்துவர்கள் சுருக்கமாக ஓ.டி.டி. என்பார்கள். எரிச்சல், வாக்குவாதம், பழிவாங்கும் எண்ணம் என்ற மூன்று வகையில் அடங்கும் எட்டு அறிகுறிகளில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். உடன்பிறந்தவர் அல்லாத ஒருவரிடமாவது நடக்க வேண்டும். அண்ணன் தம்பி சண்டை மட்டும் இதில் சேராது. சாதாரணப் பதின்வயது முரண்டும் சேராது. முடிவெட்டுவது, போன், நண்பர்கள், துணிமணி ஆகியவற்றில் பிள்ளை தன் விருப்பத்துக்கு வாதாடுவது வளர்ச்சியின் ஒரு பகுதி. பத்து நிமிடப் பேச்சில் ஓ.டி.டி. என்று சீட்டில் எழுதித் தருகிற இடத்தில் இரண்டாவது கருத்து கேட்பது நல்லது.

அடுத்து அடுக்கம்பாறை. ஆரணி சாலையில் இருக்கும் அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டுக்கோ மாத்திரைக்கோ செலவில்லை. கண், காது, ரத்தம் என்று மேலே சொன்ன சோதனைகளையும் ஒரே வளாகத்தில் முடித்துக்கொள்ளலாம். கூட்டமுள்ள அரசு ஓ.பி.யில் ஒரு குடும்பத்துக்கு நீண்ட நேரம் கிடைப்பது எங்குமே கஷ்டம். அதனால் தயாராகப் போங்கள். காலையிலேயே போய், "கோபப்படுறான் டாக்டர்" என்று மட்டும் சொல்லாமல், எப்போது, எங்கே, யாரிடம் என்ற மூன்றையும் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பத்து நிமிடம் கிடைத்தாலும் பயன்படும். பள்ளிக்கே வந்து 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்னும் அரசு மருத்துவக் குழுவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பார்வை, கேட்கும் திறன், கற்றல் சிக்கல் ஆகியவற்றை அவர்கள் மூலமாகவே மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். தலைமையாசிரியரிடம் கேட்டாலே போதும்.

14416. டெலி-மானஸ் என்னும் இந்த இலவசத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். முதலில் ஆலோசகர் எடுப்பார், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு மாற்றுவார். பேரணாம்பட்டு, ஒடுகத்தூர், ஜமுனாமரத்தூர் மலைப் பக்கம் இருந்து பாகாயம் வர ஒரு நாள் கூலி போகும் குடும்பத்துக்கு இது உண்மையான வரம். இரவு பதினொரு மணிக்குச் சண்டை உச்சத்தில் இருக்கும்போது ஒரு நிதானமான குரல் கிடைப்பதற்கு விலை இல்லை. ஆனால் போனில் கற்றல் குறைபாட்டுச் சோதனை செய்ய முடியாது, பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. முதல் படிக்கும் அவசரத்துக்கும் சிறந்தது, முழு மதிப்பீட்டுக்கு மாற்று ஆகாது. பிள்ளைக்கு யாராவது கொடுமை செய்கிறார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

தனியார் கவுன்சலிங் மையங்கள் சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் பெருகிவிட்டன. அவற்றில் அருமையானவையும் உண்டு, சான்றிதழ் வகுப்பு முடித்துவிட்டுப் பலகை மாட்டியவையும் உண்டு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பலகையில் இருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின், அதாவது ஆர்.சி.ஐ.யின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. முதல் நாளே மூன்று கேள்வி கேளுங்கள்: பள்ளியிலிருந்து தகவல் வாங்குவீர்களா, பெற்றோருக்குத் தனி அமர்வு உண்டா, எத்தனை வாரத்தில் எதை வைத்து முன்னேற்றம் அளப்பீர்கள்? "பையனை மட்டும் விட்டுட்டுப் போங்க, பேசிச் சரி பண்ணிடறேன்" என்பவரிடம் பணம் கட்ட வேண்டாம். பிள்ளை சொன்னதையெல்லாம் அப்படியே பெற்றோரிடம் ஒப்பிக்கிறவரும் வேண்டாம். பிள்ளை ஒருமுறை நம்பிக்கை இழந்தால் அடுத்த ஆலோசகரிடமும் பேசாது. ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதையும் நல்ல ஆலோசகர் முதலிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுவார். உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டுக்குச் சொல்லியாக வேண்டும், பாலியல் கொடுமை என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் தந்தாக வேண்டும்.

இந்தச் சேவைகளில் உண்மையில் பலன் தருவது பெற்றோர் பயிற்சிதான். வாரம் ஒன்றாக 8 முதல் 16 அமர்வுகள் வரை போகும். "தப்பு பண்றது அவன், பயிற்சி எங்களுக்கா?" என்று பலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். காரணம் புரிந்தால் நிற்க மாட்டார்கள். போனை வை என்று அம்மா சொல்கிறார். பிள்ளை வைக்கவில்லை. குரல் ஏறுகிறது. பிள்ளை அதைவிடக் கத்துகிறது. அக்கம்பக்கம் கேட்கும் என்று அம்மா விட்டுவிடுகிறார். கத்தினால் காரியம் நடக்கும் என்று பிள்ளை கற்றுக்கொண்டது. வேறொரு நாள் அப்பா அதைவிடப் பெரிதாகக் கத்திப் போனைப் பிடுங்குகிறார், உடனே அமைதி. கத்தினால்தான் அடங்கும் என்று அப்பா கற்றுக்கொண்டார். இருவருமே ஒருவருக்கொருவர் கத்தப் பழக்குகிறார்கள். ஒன்பது முறை மறுத்துவிட்டுப் பத்தாவது முறை விட்டுக்கொடுப்பது, பத்து முறையும் விட்டுக்கொடுப்பதைவிடப் பிடிவாதத்தைக் கெட்டியாக்கும்.

பயிற்சியின் முதல் வேலை குறிப்பேடு. இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு சண்டைக்கும் நான்கு வரி: நேரம், சண்டைக்கு முன் நடந்தது, பிள்ளை செய்தது, எப்படி முடிந்தது. உதாரணமாக: "மாலை 7.10. டியூஷனிலிருந்து வந்தான், சாப்பிடவில்லை. மார்க் எவ்வளவு என்று கேட்டேன். பையை எறிந்தான். பிறகு தோசை ஊற்றிக் கொடுத்தேன், மார்க் பேச்சே எடுக்கவில்லை." இப்படிப் பத்துப் பதினைந்து பதிவு சேர்ந்தால் சண்டைகள் ஒரே நேரத்திலும் ஒரே பேச்சிலும் வருவது தெரியும். பசியோடு வருகிறவனிடம் மார்க் கேட்காமல் சாப்பாடு வைத்துவிட்டு எட்டு மணிக்குக் கேட்டாலே சில வீடுகளில் பாதிச் சண்டை குறையும்.

பிறகு கட்டளை கொடுக்கும் முறை. அடுப்படியிலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய், ஒரே ஒரு வேலையை, ஐந்தாறு சொல்லில் சொல்லிவிட்டுப் பத்து எண்ணும் வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இந்த மௌனம்தான் பெற்றோருக்கு மிகக் கஷ்டமான பாடம். செய்தால் உடனே, எதைப் பாராட்டுகிறோம் என்று சொல்லிப் பாராட்ட வேண்டும். செய்யாவிட்டால் வரும் விளைவு முன்பே பேசி வைத்ததாக, சிறியதாக, அன்றே முடிவதாக இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குப் போன் கிடையாது என்பது பயனற்ற தண்டனை. மூன்றாம் நாளிலிருந்து பிள்ளைக்கு இழக்க எதுவும் இருக்காது, நாலாம் நாள் பெற்றோரே கொடுத்துவிடுவார்கள்.

எங்கே கெடும் என்பதையும் பயிற்சி தருபவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விட்டுக்கொடுப்பதை நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரத்தில் எதிர்ப்பு குறையாது, கூடும். வழக்கமான வழி பலிக்காததால் பிள்ளை இன்னும் பலமாக முயன்று பார்க்கும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் "கவுன்சலிங் போனப்புறம்தான் ரொம்ப மோசமாயிட்டான்" என்று குடும்பம் திரும்பாது. இன்னொரு ஓட்டை, வீட்டில் இரண்டு சட்டம். அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ ராணிப்பேட்டைத் தோல் ஆலையிலோ வேலை முடித்து இருட்டிய பிறகு வருகிறார், அப்பா பெங்களூரிலோ துபாயிலோ இருந்து வீடியோ காலில் மிரட்டுகிறார், பகலெல்லாம் பார்த்துக்கொள்ளும் பாட்டி "பாவம் குழந்தை" என்று மறைவாகப் போனைக் கொடுக்கிறார். மூவரையும் உட்காரவைத்து ஒரே ஒரு விதியை ஒப்புக்கொள்ள வைப்பது பத்து விதி எழுதி ஒட்டுவதைவிட மேல். ஊரில் இல்லாத அப்பாவை அமர்வின்போது போனில் சேர்த்துக்கொள்கிற ஆலோசகர் கிடைத்தால் விடாதீர்கள்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. எதிர்ப்பு நடத்தைக்கென்று தனி மாத்திரை கிடையாது. அடியில் ஏ.டி.எச்.டி. இருந்தால் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்து நன்றாக வேலை செய்யும். அது பசியைக் குறைப்பதால் காலை உணவோடோ உணவுக்குப் பிறகோ கொடுப்பார்கள். மனச்சோர்வு இருந்தால் அதற்குச் சிகிச்சை வேறு. எந்த மாத்திரை எழுதினாலும் எந்த நோய்க்கு, எத்தனை நாளைக்கு, எதைப் பார்த்து நிறுத்துவோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றோரின் உரிமை.

முரட்டுப் பிள்ளைகளைத் திருத்தித் தருவதாகச் சொல்லும் விடுதிகளை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. முரண்டு பிடிக்கும் பிள்ளைகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்து வைத்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டு நிலைமை மோசமாகும் என்று ஆய்வாளர்கள் பலகாலமாக எச்சரிக்கிறார்கள். அடித்துத் திருத்துவதும் அப்படியே. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள், அடி பயத்தைத்தான் தரும், பயம் தெளிகிற வயதில் அடித்த கையையே பிடித்து நிறுத்துவான். கோயிலிலோ தர்காவிலோ வேண்டிக்கொள்வது குடும்பத்துக்குத் தெம்பு தரும் என்றால் தாராளமாகச் செய்யலாம். அதற்காக மருத்துவரிடம் போகும் தேதியைத் தள்ளிவைக்க வேண்டாம்.

சாவைப் பற்றிப் பேசுவது, கையைக் கீறிக்கொள்வது, கத்தியோ கட்டையோ எடுப்பது, தீ வைப்பது, நாய் பூனையைச் சித்திரவதை செய்வது, இரவில் வீட்டைவிட்டுப் போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் குறிப்பேடு எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனை, வழியில் 14416.

முதல் சந்திப்புக்குக் கொண்டுபோக வேண்டியவை: மூன்று வருட மதிப்பெண் அட்டை, தமிழ், ஆங்கில நோட்டு ஒவ்வொன்று (எழுத்துப் பிழையும் கையெழுத்தும் நிறைய சொல்லும்), வகுப்பாசிரியர் எழுதிய ஒரு பக்கம், பழைய மருந்துச் சீட்டுகள், இரண்டு வாரக் குறிப்பேடு. "டாக்டர்கிட்ட ஊசி போடச் சொல்றேன் பார்" என்றோ, மாமா வீட்டுக்குப் போகிறோம் என்று பொய் சொல்லியோ அழைத்துப் போகாதீர்கள். "நம்ம வீட்ல சண்டை அதிகமாயிடுச்சு, அதைக் குறைக்க நாம எல்லாரும் போறோம்" என்றால் பெரும்பாலும் வருவார்கள். வர மறுத்தால் பெற்றோர் இருவரும் மட்டும் போங்கள். பெற்றோர் பயிற்சியைப் பிள்ளை இல்லாமலே தொடங்கலாம், பிள்ளை வராவிட்டால் பார்க்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பும் இடம் உங்களுக்கான இடம் இல்லை. வீட்டில் பேச்சு மாறுவதைப் பார்த்த பிறகு மூன்றாவது, நான்காவது அமர்வில் தானாகக் கூட வரும் பிள்ளைகள் உண்டு.